மெழுகுதிரி ஏந்திய அறுபது பேர்

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரையில் அமைந்துள்ள அம்புவாஸ் நகரில், அரச கோட்டைக்குச் சற்றுத் தொலைவில், இளஞ்சிவப்புச் செங்கல்லும் வெண்கல்லும் கொண்டு 1471-இல் எழுப்பப்பட்ட குளோ லூசே மாளிகை நிற்கிறது. ஓவியர் லியொனார்தோ தா வின்சி தம் இறுதி மூன்று ஆண்டுகளைக் கழித்த இல்லம் இது.

முதலாம் பிரான்சிசு மன்னரின் அழைப்பை ஏற்று 1516-இல் இத்தாலியை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 64. 'அரசரின் முதல் ஓவியர், பொறியாளர், கட்டடக் கலைஞர்' என்னும் பட்டமும், ஆண்டு ஊதியமும், இம்மாளிகையும் அவருக்கு அளிக்கப்பட்டன.

கீழ்த்தளத்தில் அவருடைய வரைபடங்களைப் பின்பற்றிச் செய்த மாதிரிகளைக் கண்டோம். பறக்கும் கருவி, சுழல் பாலம், கவச வண்டி! அவற்றுள் பெரும்பாலானவை அவர் வாழ்நாளில் வரைபடங்களாகவே நின்றுவிட்டன.

1517 அக்டோபரில் கர்தினால் லுயீஜி தெ அரகோனா இங்கு வந்தார். அவருடைய செயலர், தாம் கண்ட மூன்று ஓவியங்களைக் குறித்து வைத்தார். ஒரு பிளோரன்சுப் பெண்மணி, இளம் புனித யோவான், புனித அன்னாவின் மடியில் மரியாவும் குழந்தையும். ஓவியரின் வலக்கை வாதத்தால் செயலிழந்திருந்ததையும் அவர் எழுதத் தவறவில்லை.

படுக்கையறையில் நாம் நெடுநேரம் நின்றோம். 1519 மே 2-இல் இம்மாளிகையில் அவர் உயிர் நீத்தார். மன்னரின் கைகளில் சாய்ந்தபடி இறந்தார் என்பது வசாரி எழுதிய செய்தி. வரலாற்றாசிரியர் பலர் அதனை ஏற்பதில்லை. ஆனால் ஏப்ரல் 23-இல் அவர் எழுதுவித்த உயில் ஐயத்திற்கு இடமற்றது. தம் ஆன்மாவை இறைவனிடமும் அன்னை மரியாவிடமும் ஒப்படைத்தார், திருப்பலிகள் வேண்டினார். சுவடிகளைச் சீடர் மெல்சிக்கு அளித்தார். பணிப்பெண் மத்துரீனுக்கு மென்மயிர் உள்வைத்த கறுப்பு மேலாடையும் இரண்டு பொற்காசுகளும் விட்டுச்சென்றார். தம் அடக்கத்தின்போது ஏழையர் 60 பேர் மெழுகுதிரி ஏந்திவர வேண்டும், அதற்குரிய கூலி அவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்றும் பணித்தார்.

உயில்கள் உடன்பிறந்தோரைப் பிரிப்பதைப் பங்குகளில் நாம் கண்டிருக்கிறோம். இவ்வுயிலோ பணிப்பெண்ணையும் மறக்கவில்லை, பெயரறியா ஏழையரையும் மறக்கவில்லை.

அவரை அடக்கம் செய்த புனித புளோரந்தீன் ஆலயம் பின்னாளில் இடிக்கப்பட்டது. அவருடையவை எனக் கருதப்படும் எலும்புகள் இன்று கோட்டையின் புனித உபெர் சிற்றாலயத்தில் உள்ளன. கல்லறை கூட நிலையாதெனில், நம் இறுதி ஊர்வலத்தில் யார் நடக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோம்? அவ்வினாவோடு மாளிகையின் படிகளில் இறங்கினோம்.