தலை, தடம், முற்றம்

கோபன்ஹேகனின் மைய ரயில் நிலையத்தை டேனியர் ‘ஹோவெத்பானெகோர்’ என்கிறார்கள். ஹோவெத் தலை, பானெ தடம், கோர் முற்றம். தடத்தையும் முற்றத்தையும் சேர்த்த ‘பானெகோர்’ ஜெர்மானியரின் ‘பான்ஹோஃப்’ சொல்லைப் பார்த்து ஆக்கியது. 1847இல் ரோஸ்கில்த நகருக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது கோபன்ஹேகனில் முதல் நிலையம் வந்தது. நகரில் நிலையங்கள் பெருகின. அவற்றுள் முதன்மையானதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தத் ‘தலை’. இன்றைய செங்கல் கட்டடம் ஹைன்ரிக் வெங்க் வடிவமைத்தது, 1911இல் திறக்கப்பட்டது.

எழுத்தைப் பார்த்தால் ஐந்து அசை: ஹோ-வெத்-பா-னெ-கோர். பேச்சில் ‘வ’ கேட்காது. கோருக்கு இறுதியில் எழுதப்படும் ‘த்’தும் கேட்காது. கேட்பவருக்கு வழிகாட்டுவது அழுத்தம். பானெகோர் தனித்து நிற்கையில் அது ‘பா’வில் விழும். ஹோவெத் முன்னால் வந்து ஒட்டியதும் ‘ஹோ’வுக்கு ஏறிவிடும், ‘பா’ அடங்கிவிடும். அழுத்தம் பொருளையும் மாற்றும்: ‘ஸ்டோர்’ (பெரிய) என்பதையும் ‘ப்யு’ (ஊர்) என்பதையும் தனித்தனியே அழுத்தினால் பெரிய ஊர். முன்னதை மட்டும் அழுத்தி ஒரே மூச்சில் சொன்னால் மாநகரம்.

ஆனால் மூன்று உறுப்புச் சொல்லில் எது எதோடு முதலில் சேர்ந்தது? இங்கே டேனிய மொழி செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒயின் கோப்பை ‘வீன்க்ளாஸ்’. சிவப்பு ஒயினுக்கான கோப்பை ‘ரொத்வீன்ஸ்க்ளாஸ்’. நடுவில் புதிதாக ஒரு ‘ஸ்’. முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் இந்த ‘ஸ்’ வரும். சிவப்பு என்பது ஒயினுக்கா, கோப்பைக்கா என்ற ஐயத்தை அது தீர்த்துவிடுகிறது. பழைய ஆறாம் வேற்றுமை உருபிலிருந்து வந்த எழுத்து இது. இன்று ஏறக்குறைய நம் இலக்கணத்தின் சாரியை போல நிற்கிறது. நிலையத்தை ஒட்டிய திடலின் பெயர் ‘பானெகோர்ஸ்ப்ளாஸ்’. ‘கோர்ஸ்ப்ளாஸ்’ என்று தனியாகவும் ஒரு சொல் உண்டு, வீட்டின் முற்றவெளி என்று பொருள். அதனால் பிரிக்கும் இடம் தவறினால் பொருளும் தவறும். வரியின் கடைசியில் சொல்லை உடைக்க நேர்ந்தால் ‘ஸ்’ஸை முன்பகுதியோடு நிறுத்திவிட்டு ‘ப்ளாஸ்’ அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

1948 எழுத்துச் சீர்திருத்தம் கோரின் உருவத்தை மாற்றியது. இரட்டை ‘அ’ போய், தலையில் வளையம் சூடிய ஒற்றை எழுத்து வந்தது. உச்சரிப்பு மாறவில்லை. நகரத்தார் நாவில் இப்போது முற்றமே உதிர்ந்து ‘ஹோவெத்பானென்’ என்றாகிவிட்டது. அழுத்தம் மட்டும் இன்னும் ‘ஹோ’வில்தான்.