சரண்ஜித் சிங்கின் பத்து ராக இசைத்தட்டு: தோற்றமும் நடனக்கூட வரலாறும்

‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பது மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982ஆம் ஆண்டில் பதிவு செய்த நெடுந்தட்டு ஆகும். பத்து இந்துஸ்தானி ராகங்களை மின்னணுக் கருவிகளில், டிஸ்கோ தாளத்துக்கு இசைத்த இந்தத் தட்டு, வெளிவந்த காலத்தில் விற்பனையாகாமல் மறைந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய நடனக்கூடங்களில் ஒலிக்கத் தொடங்கியது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை வகை அமெரிக்காவில் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதே ஒலி இந்தியாவில் பதிவாகிவிட்டது என்று பலர் எழுதினர். அந்தக் கூற்று எந்த அளவுக்கு உண்மை, தட்டு எப்படித் தொலைந்தது, எப்படிக் கிடைத்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

டிஸ்கோ அலை

1980இல் வெளிவந்த ‘குர்பானி’ என்ற இந்திப் படத்தில் நாசியா ஹசன் பாடிய பாடல் இந்தியாவெங்கும் டிஸ்கோ மோகத்தைக் கிளப்பியது. அதற்கு இசையமைத்தவர் பெங்களூரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பித்து. 1974இல் கார்ல் டக்ளஸ் பாடி உலகப் புகழ்பெற்ற ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாடலைத் தயாரித்தவரும் அவரே. 1982இல் பப்பி லஹிரியின் இசையில் ‘டிஸ்கோ டான்சர்’ வந்தது. அதே ஆண்டில் தமிழில் ‘சகலகலா வல்லவன்’ வந்தது. அதில் இளையராஜா இசையில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய புத்தாண்டுப் பாடல் மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் இன்றும் டிசம்பர் 31 இரவில் ஒலிக்கிறது. அப்போதைய இசைக்கலைஞர் எவரும் டிஸ்கோவிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாத காலம் அது.

கலைஞரும் கருவிகளும்

சரண்ஜித் சிங் 1940இல் பிறந்தவர். கிதார், பேஸ் கிதார், மின்னணு விசைப்பலகைகள் ஆகியவற்றில் தேர்ந்தவர். ஆர். டி. பர்மன் உள்ளிட்ட இசையமைப்பாளர்களின் பாடல் பதிவுகளில் வாசித்தார். திரைப்பாடல்களைக் கருவியிசையாக வாசித்துத் தனித் தட்டுகளும் வெளியிட்டார். இத்தகைய கலைஞர்களின் வாசிப்பு கோடிக்கணக்கானோரின் காதில் விழுந்திருக்கும். ஆனால் பெயர் தட்டின் உறையில் இடம்பெறுவது அரிது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அக்காலத்தில் வெளியிட்ட மூன்று கருவிகள் இந்தத் தட்டுக்கு அடிப்படை. டி.ஆர்.-808 தாளத்தை உருவாக்கும் கருவி. டி.பி.-303 தாழ்ந்த சுருதியில் பேஸ் வரிகளைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு பெட்டி. ஜூப்பிடர்-8 பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் சிந்தசைசர். டி.பி.-303 விற்பனைக்கு வந்த சிறிது காலத்திலேயே சிங் அதைச் சிங்கப்பூரில் வாங்கினார். மூன்றையும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடும்படி இணைத்தார். திரைப்படங்களில் டிஸ்கோ மலிந்துவிட்டதால், அதே தாளத்தில் வேறு ஏதாவது செய்ய விரும்பியதாகவும், தபலாவை விலக்கிவிட்டு ராகங்களை வாசிக்கலாம் என்று தோன்றியதாகவும் அவர் பிற்காலப் பேட்டிகளில் கூறினார்.

பத்து ராகங்கள்

தட்டில் உள்ள ராகங்கள் பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகியவை. பெயர்கள் வடக்கே உரியவை என்றாலும் இவற்றில் பல தமிழர் காதுக்குப் புதியவை அல்ல. பூபாளியின் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்களே. மால்கௌன்ஸ் இந்தோளத்துக்கும், யமன் கல்யாணிக்கும், பைராகி ரேவதிக்கும், கலாவதி வலஜிக்கும், பைரவ் மாயாமாளவகௌளைக்கும் ஈடானவை. மதுவந்தி தர்மவதிக்கு நெருக்கமானது. இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் கர்நாடக இசையின் தோடிக்கு உரியவை அல்ல; சுபபந்துவராளிக்கு உரியவை. பெயர் ஒன்றாக இருப்பதால் ராகமும் ஒன்று என்று கொள்ளக்கூடாது.

பத்துப் பதிவுகளுக்கும் கட்டமைப்பு ஏறக்குறைய ஒன்றே. 808இன் தாளம் மாறாமல் ஓடும். 303இன் பேஸ் வரி ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் ஜூப்பிடர்-8 ராகத்தை விரித்துச் செல்லும். 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. நம் இசையில் ஜாரு என்று சொல்லும் அசைவை அது ஓரளவு நினைவூட்டும்.

விற்காத தட்டு

இந்தியக் கிராமபோன் நிறுவனத்தின் எச்.எம்.வி. முத்திரையுடன் தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பகுதி வானொலியிலும் ஒலித்தது. ஆயினும் விற்பனை இல்லை. காரணத்தை உணர்வது கடினமன்று. ராகம் கேட்பவர்களுக்கு இயந்திரத் தாளம் ஒவ்வாது. டிஸ்கோ கேட்பவர்களுக்குப் பாடகர் குரலும் திரைப்படக் காட்சியும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்ற தட்டுக்கு வாங்குபவர் இல்லை. மேலும், அந்த ஆண்டுகளில்தான் ஒலிநாடா பெருகி, இசைத்தட்டின் விற்பனையே சரியத் தொடங்கியிருந்தது.

சிகாகோவிலிருந்து மான்செஸ்டருக்கு

டி.பி.-303உம் தோல்வியடைந்த கருவிதான். தனியாகக் கிதார் வாசிப்பவர்களுக்குப் பேஸ் துணையாக இருக்கும் என்று கருதித் தயாரிக்கப்பட்டது. எதிர்பார்த்தபடி விற்காததால் 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளுக்கு மலிவாக வந்த இந்தப் பெட்டிகளில் ஒன்று சிகாகோ இளைஞர்களின் ‘ஃபியூச்சர்’ குழுவுக்குக் கிடைத்தது. பேஸ் வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் திருகுகளைத் திருப்பினர். நெளிந்து கிறீச்சிடும் புதிய ஒலி ஒன்று பிறந்தது. ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற அந்தப் பதிவை ‘மியூசிக் பாக்ஸ்’ நடனக்கூடத்தில் ரான் ஹார்டி என்ற டி.ஜே. ஒலிபரப்பினார். 1987இல் அது தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டு லண்டனின் ‘ஷூம்’, மான்செஸ்டரின் ‘ஹசியெண்டா’ ஆகிய கூடங்கள் வழியாக அது இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது.

தேடுவோரின் மரபு

மறக்கப்பட்ட தட்டைத் தேடிப் பிடித்து ஆடும் மரபு அதற்கு முன்பே இங்கிலாந்தின் வடபகுதியில் வேரூன்றியிருந்தது. அதற்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். பெயரில் உள்ள ‘வடக்கு’ இசை பிறந்த இடத்தைக் குறிப்பதன்று. அதை ஆடிய இடத்தைக் குறிப்பது. 1960களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பாடி, அங்கேயே விலைபோகாத பாடல்களுக்கு மான்செஸ்டர், பிளாக்பூல், விகன் போன்ற ஊர்களின் தொழிலாளர் இளைஞர்கள் விடிய விடிய ஆடினர். விகன் கசினோ என்ற கூடம் 1973 முதல் 1981 வரை இதற்குப் பெயர்பெற்றிருந்தது. எவரிடமும் இல்லாத தட்டை வைத்திருக்கும் டி.ஜே.க்கே மதிப்பு. அதனால் போட்டியாளர் கண்டுகொள்ளாதபடி தட்டின் முத்திரையை மறைத்து, பொய்ப் பெயர் சொல்லி ஒலிபரப்பியதும் உண்டு.

ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ‘டு ஐ லவ் யூ’ இதற்குச் சிறந்த சான்று. மோட்டவுன் நிறுவனம் அதை முன்னோட்டப் பிரதிகளாக மட்டும் அச்சிட்டு, விற்பனைக்கு விடாமல் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. தப்பிய பிரதி ஒன்றின் வழியாக இங்கிலாந்தை அடைந்த பாடல், நடனக்கூடங்களில் எடி ஃபாஸ்டர் என்ற வேறொருவர் பெயரில் அறிமுகமானது. உண்மையான பாடகர் யார் என்பது பின்னரே தெளிவானது. 2009இல் அதன் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது.

மீண்டும் கிடைத்த கதை

சரண்ஜித் சிங்கின் தட்டுக்கும் இப்படி ஒரு தேடுபவர் வாய்த்தார். பழைய இந்தியத் தட்டுகளைச் சேகரித்துவந்த நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன், 2002இல் டெல்லிக் கடை ஒன்றில் இதைக் கண்டெடுத்தார். பிறகு மும்பையில் வாழ்ந்துவந்த சிங்கைத் தேடிச் சந்தித்தார். தம் ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனத்தின் மூலம் 2010இல் தட்டை மறுவெளியீடு செய்தார்.

கேட்டவர்களில் சிலர் நம்பவில்லை. தற்கால மின்னிசைக் கலைஞர் எவரோ பழைய தட்டுப் போல உருவாக்கிய ஏமாற்று என்றும், ‘அபெக்ஸ் ட்வின்’ என்ற புனைபெயரில் இயங்கும் பிரித்தானியக் கலைஞரின் வேலை என்றும் பேச்சு எழுந்தது. தட்டின் ஆசிரியரே நேரில் இருந்ததால் அந்த ஐயம் நிலைக்கவில்லை. எழுபதைக் கடந்த சிங் அதே ராகங்களை ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். அவர் வாசிக்க, அவர் பேரப்பிள்ளைகளின் வயதுள்ளவர்கள் ஆடினார்கள். 2015 ஜூலையில் அவர் காலமானார்.

முன்னோடியா, மூலவரா?

‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்ற தலைப்பு நமக்குப் பெருமை தரும். ஆனால் வரலாறு எழுதும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் செய்தவர் யார் என்பது ஒன்று. யாரிடமிருந்து யார் கற்றார் என்பது மற்றொன்று.

303ஐத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியவர் சிங் மட்டும் அல்லர். ஸ்காட்லாந்தின் ‘ஆரஞ்சு ஜூஸ்’ குழுவின் ‘ரிப் இட் அப்’ பாடலிலும் அதே கருவி உண்டு. அதுவும் 1982ஆம் ஆண்டின் பதிவே. ஒரு முழுத்தட்டையும் 303, 808 இரண்டின் சுழற்சியைச் சார்ந்தே அமைத்தது சிங்கின் தனித்தன்மை. அதே வேளையில், சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை. எனவே அவரை முன்னோடி என்று சொல்லலாம். மூலவர் என்று சொல்ல முடியாது.

தொடர்பு இல்லாமலே ஒலி ஒத்துப்போனதற்கு ஒரே கருவி என்பதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. மேற்கத்தியப் பாட்டில் அடிக்கடி கார்டு மாறும். ராக இசையில் ஆதார சுருதி மாறாது. தம்புரா ஒரே நிலையில் மீட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் ராகம் வளரும். ஆசிட் ஹவுஸும் கார்டு மாற்றங்களைக் கைவிட்டு, ஒரே பேஸ் வரியில் நின்று சுழல்வது. சிங் மரபைக் காத்ததாலும், சிகாகோ இளைஞர்கள் மரபை விட்டதாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்.

மதுரைச் சமவெளியின் மைக்செட்

இந்த வரலாறு மதுரை வட்டாரத்துக்கும் ஒன்றைச் சொல்கிறது. மதுரை இசைத்தட்டு வரலாற்றில் இடம்பெற்ற ஊர். எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. எம். சௌந்தரராஜனும் பிறந்தது இங்கே. இளையராஜாவின் பண்ணைப்புரம் அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்தது. நடனக்கூடம் இல்லாத இப்பகுதியில் தட்டு ஊருக்குக் கேட்டது மைக்செட் வழியாகத்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும், பந்தலுக்கு முன்பே குழாய் கட்டப்படும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல் ஒலித்தால் விசேஷம் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்த ஊர் மைக்செட்டில் இல்லாத தட்டு ஒருவரிடம் இருந்தால் அவருக்கே கிராக்கி. விகன் கசினோவின் டி.ஜே.க்கு இருந்த மதிப்பும் இதே வகையானதுதான்.

ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தபின் அந்தத் தட்டுப் பெட்டிகள் பரணுக்குப் போயின. பல, பழைய பொருள் வியாபாரியிடம் போயின. புகழ்பெற்ற திரைப்பாடல்களுக்கு ஆபத்து இல்லை. நாடகப் பாடல், உள்ளூர்க் கோயில் பாடல், கருவியிசை என்று குறைந்த பிரதிகளே வந்தவைதான் அழியக்கூடியவை. அத்தகைய தட்டு கிடைத்தால் முத்திரையில் உள்ள நிறுவனப் பெயர், வரிசை எண், கலைஞர் பெயர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாடல் முடிந்தபின் உள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்ணையும், உறை இருந்தால் அதன் இரு பக்கங்களையும் பதிவு செய்ய வேண்டும். யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து கிடைத்தது என்பதையும் எழுதி வைப்பது நல்லது.

சரண்ஜித் சிங்கைத் தேடி ஒருவர் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். நடந்ததைத் தம் வாயால் சொல்ல முடிந்தது. தமிழ்நாட்டுப் பதிவுகளில் கிளாரினெட், தபலா, கிதார் வாசித்தவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் உறைகளில் இல்லை. தட்டைப் பிறகும் தேடலாம். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்க வேண்டும்.