குலன்ஜ்: வயிற்று வாயுவும் இப்னு ஸீனாவின் இறுதி நாட்களும்

'ஷைகுர் ரயீஸ்' எனப் போற்றப்படும் இப்னு ஸீனா, ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) ஹமதான் நகரில் காலமானார். அவரது உயிரைப் பறித்தது, அவரே தனி நூல் எழுதி விளக்கியிருந்த ஒரு குடல் நோயாகும். அரபு மருத்துவர்கள் அதனைக் 'குலன்ஜ்' என்றனர். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. அவருக்கு முன்பே அபூபக்ர் அர்ராஸீயும் (மறைவு கி.பி. 925) இந்நோய் பற்றித் தனி நூல் யாத்திருந்தார். வயிற்று வாயுவைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். அம்மேதைகள் கூசவில்லை. ஃபிக்ஹு நூலாசிரியர்களும் கூசவில்லை. அடக்கவியலாது வாயு பிரிந்துகொண்டே இருப்பவரை 'உஸ்ரு' உடையவராகக் கொண்டு, அவருடைய உளூவுக்கெனத் தனிச் சட்டம் வகுத்தனர்.

வாயு எவ்வாறு தோன்றுகிறது? கிரேக்க அறிஞர் ஜாலீனூஸின் வழிநின்று அவர்கள் தந்த விளக்கம் நுட்பமானது. வயிற்றின் வெப்பம் வலுவாக இருந்தால் உணவு முழுமையாகச் செரித்துவிடும். வெப்பம் அறவே இல்லையெனில் உணவிலிருந்து ஆவி எழாது. இரண்டுக்கும் இடைப்பட்ட பலவீனமான வெப்பமே ஈரத்தைக் கிளறி ஆவியாக்கிவிட்டு, அதனைக் கரைக்க இயலாமல் 'ரீஹ்' ஆகத் தேங்கவிடுகிறது. அவரை, பருப்பு வகைகள் வயிற்றை ஊதவைப்பவை என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். இன்றைய அறிவியல் காரணத்தை வேறிடத்தில் காண்கிறது. பயறு வகைகளிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் செரிப்பதில்லை. அவை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலரிடம் மீத்தேனும் உண்டாகின்றன. பாலின் சர்க்கரை செரியாமை, அவசரமாக உண்ணும்போது விழுங்கப்படும் காற்று, மலச்சிக்கல் ஆகியனவும் காரணங்களே. பயறுகளை ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் தொல்லை குறைவதும் இதனாலேயே. விளக்கம் மாறியதே தவிர, எவ்வுணவு ஊதவைக்கும் என்ற பட்டியல் பெரிதும் மாறவில்லை என்பது நம்மை வியக்கவைக்கிறது.

'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் இப்னு ஸீனா குலன்ஜை வகைப்படுத்துகிறார். வாயுவால், சளியால், இறுகிய மலத்தால், வீக்கத்தால் என அதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணத்தைப் பிரித்தறியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து என்பதே அவரது மருத்துவத்தின் உயிர்நாடி. வாயுவுக்குச் சீரகம், சோம்பு, ஓமம் போன்ற விதைகளும், வயிற்றின்மீது சூடான ஒற்றடமும் பயன்பட்டன. அபின் போன்ற மரக்கச்செய்யும் மருந்துகளை அவர் அஞ்சினார். அவை வலியை மறைத்துவிட்டு நோயை உள்ளே நிலைக்கச் செய்யும் என்பார். சீரகம், மிளகு, சுக்கு முதலியன சேர்ந்த 'ஜவாரிஷ் கமூனி' எனும் லேகியம் இன்றும் யூனானி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதிலுள்ள மிளகு அன்று நமது மலபார்க் கரையிலிருந்து கப்பலேறியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இனி அவரது முடிவுக்கு வருவோம். 25 ஆண்டுகள் உடனிருந்த மாணவர் அபூஉபைத் அல்ஜூஸ்ஜானீ அதனை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்துள்ளார். அமீர் அலாவுத்தவ்லாவின் படையுடன் சென்றபோது இப்னு ஸீனாவைக் குலன்ஜ் தாக்கியது. படை பின்வாங்க நேர்ந்தால் நோயோடு தன்னால் பயணம் செய்யவியலாதே என்ற அச்சத்தில், ஒரே நாளில் எட்டு முறை தமக்கே எனிமா கொடுத்துக்கொண்டார். குடல் புண்ணாயிற்று. பிறகு ஒருநாள், வாயுவை முறிப்பதற்காக எனிமா மருந்தில் இரண்டு தானக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். சிகிச்சையளித்த மருத்துவர் ஒருவர் ஐந்து திர்ஹம் சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹம் ஆறு தானக் ஆகும். எனவே கேட்டதைப்போல் பதினைந்து மடங்கு! புண் கடுமையாயிற்று. அவர் உட்கொண்ட வேறொரு மருந்தில் பணியாளர் ஒருவர் அளவுக்கதிகமாக அபினைக் கலந்துவிட்டார். அவருடைய பொருளைக் கையாடிய பணியாளர்கள், தங்கள் குற்றம் வெளிப்படாதிருக்க அவரது மரணத்தை விரும்பினர் என்கிறார் ஜூஸ்ஜானீ. ஆனால் செலரி விதை விஷயத்தில் அவர் நிதானம் காட்டுகிறார்: தாம் அப்போது உடனில்லாததால், அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, தவறுதலா எனத் தெரியவில்லை என்று எழுதுகிறார். வரலாற்றாசிரியனுக்குரிய நேர்மை இது.

கவிஞர் ஒருவரோ, இப்னு ஸீனாவின் 'அஷ்ஷிஃபா', 'அந்நஜாத்' ஆகிய நூற்பெயர்களைச் சிலேடையாக்கி, அவையும் அவரைக் காக்கவில்லையே என ஏளனம் செய்தார். நமக்கு அந்த ஏளனம் நியாயமாகப் படவில்லை. படைக்கு அஞ்சி எட்டு முறை எனிமா கொண்ட அவசரம் அவருடையதுதான். ஆயினும் அவர் கேட்டது இரண்டு தானக் மட்டுமே.