மழைக்கு முந்திய விதை: கரிசல் காட்டுப் புழுதி விதைப்பு

"ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு தமிழ்நாடு முழுக்கச் சொல்லுவாங்க. ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆடி என்பது காற்றுக்காலம். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் புழுதியை மட்டும் கிளப்பிக்கொண்டு வரும். ஆண்டுக்குக் கிடைப்பதே சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே கரிசல்காரருக்குப் பட்டம் புரட்டாசி.

மழை ஐப்பசியில்தானே வலுக்கிறது, பெய்த பிறகு விதைத்தால் என்ன? மண் விடாது. கரிசல் களிமண் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் உப்பிக் குழைந்து, மாட்டின் குளம்பிலும் கலப்பையிலும் அப்பிக்கொள்ளும். நல்ல மழை பெய்தால் பல நாள் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. கால் வைக்கும் பதம் வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இப்படியே நாள் தள்ளிப்போனால், மார்கழி தாண்டி மழை ஓய்ந்த பிறகு பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலில் கழியும்.

அதனால் வந்ததுதான் புழுதி விதைப்பு. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ, மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிடுவது. விதை அங்கேயே படுத்துக் கிடக்கும். மழை வரும் அன்று அதுவாக எழுந்துகொள்ளும்.

கேட்கச் சுலபம். ஆனால் சிறு தூறல் ஒன்று பெய்து விதை முளைவிட்டு, அடுத்த பத்து நாள் வெயில் அடித்தால் எல்லாம் கருகிவிடும். இதற்குப் பூட்டு ஆழம்தான். சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் தூறல் ஈரம் விதைவரை இறங்காது. நல்ல மழை பெய்தால்தான் அவ்வளவு ஆழம் நனையும். அந்த மழை, முளைத்த பயிரைச் சில நாள் தாங்கவும் செய்யும். விதை எப்போது எழ வேண்டும் என்பதை மழையின் அளவே முடிவு செய்கிறது.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 'கே' என்ற எழுத்தோடு வரும் சோள ரகங்களும், கே 11 போன்ற மானாவாரிப் பருத்தியும் இங்கிருந்து வந்தவை. மழைக்கு முந்திய விதைப்போடு சேர்த்து இன்று பரிந்துரைக்கப்படுவது விதையைக் கடினப்படுத்தும் முறை. சோளத்துக்கு, 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்துகிறார்கள். பாதி எழுப்பிவிட்டு மறுபடி தூங்க வைக்கிற மாதிரி. முளைப்புக்கான உள்வேலை கொஞ்சம் ஏற்கெனவே நடந்திருப்பதால், மழை வந்ததும் அந்த விதை சட்டென்று முளைக்கும். வறட்சியையும் கொஞ்சம் தாங்கும்.

இதே யோசனை உலகத்தின் இன்னொரு மூலையிலும் இருக்கிறது. அமெரிக்காவில் லாங் ஐலண்டைச் சேர்ந்த ட்ரூடி டேவிடாஃப் பரப்பிய 'குளிர்கால விதைப்பு'. காலியான பிளாஸ்டிக் பால் கேனைக் குறுக்கே வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி விதைத்து, பனியிலேயே வெளியே வைத்துவிடுவார்கள். குளிர் விதையைப் பூட்டி வைக்கும். வசந்தத்தின் வெப்பம் அதைத் திறக்கும். அங்கே பூட்டு குளிர், இங்கே வறட்சி. இரண்டிலும் மனுசன் நாள் குறிப்பதில்லை, வானம் குறிக்கிறது.

பழைய பாத்திரத்துக்கு வேலை கொடுப்பது நம்மூரிலும் உண்டுதான். ஆனால் அது முளைக்க வைக்க அல்ல, காப்பாற்றி வைக்க. முற்றிய சுரைக்காயைக் காயவைத்து உள்ளே குடைந்தால் குடுக்கை. அதில் காய்கறி விதையைச் சாம்பலோடு போட்டு, வாயைச் சாணியால் மெழுகி அடுப்படியில் தொங்கவிடுவார்கள். தானியத்துக்கு மண் குலுக்கை. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள், வண்டு அண்டாமல் இருக்க.

புழுதி விதைப்பையும் இந்தக் குடுக்கை, குலுக்கைகளையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. மழைக்கு முன் விதைப்பது ஒரு சூதாட்டம். எறும்பு தின்னலாம், பறவை கிளறலாம், மழையே ஏமாற்றலாம். தோற்றால் மறுபடி விதைக்கணும். வீட்டில் இன்னொரு பங்கு விதை இருப்பவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். குலுக்கையில் கிடந்தது வெறும் தானியம் இல்லை, இரண்டாவது வாய்ப்பு.

இன்று இதே கரிசலில் மக்காச்சோளம் பரவலாகிவிட்டது. வீரிய ஒட்டு ரகம் என்பதால் அறுவடையில் எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே வீரியம் வராது. ஒவ்வொரு வருசமும் கடையில் வாங்கணும். 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியபோது, அந்தச் செலவின் பாரம் எல்லோருக்கும் தெரிந்தது. புழுதியில் போட்ட விதை தவறினால் இரண்டாம் விதைப்பு இப்போது குலுக்கையிலிருந்து வராது, கடனிலிருந்து வரும். விதைக்கும் முறை மாறவில்லை. தோற்றால் கொடுக்க வேண்டிய விலைதான் மாறியிருக்கிறது.

கோவில்பட்டிப் பக்கம் புரட்டாசிக் கடைசியில் பஸ்ஸில் போனால் சன்னல் வழியே பாருங்க. உழுது போட்ட வெறுங்காடு மாதிரி தெரியும். பல காடுகளில் விதை ஏற்கெனவே உள்ளே காத்துக்கொண்டிருக்கும்.