குழந்தைக்கு திரும்பத் திரும்ப நிமோனியா, காதில் சீழ்... வெறும் சளின்னு விட்டுடலாமா? பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு: முழு விவரம்

திருப்பூர் மண்ணரை மாதிரி பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில், ஷிப்ட் விட்டு வந்து குழந்தைக்குக் காய்ச்சல்னு தெரிந்தால் திறந்திருக்கும் கிளினிக்குக்குத்தான் ஓட வேண்டியிருக்கு. போன தடவை ஒரு டாக்டர், இந்தத் தடவை வேறு டாக்டர். பழைய சீட்டும் கையில் இருக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு வரும் எல்லாத் தொற்றுக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கலாம். அதுதான் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு.

இது என்ன நோய்?

கிருமியை எதிர்க்கும் அணுக்களோ, ஆன்டிபாடியோ பிறவியிலேயே சரியாக உருவாகாத நிலை. மரபணுக் கோளாறுதான் காரணம். இதில் 450-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இது எய்ட்ஸ் இல்லை, யாருக்கும் ஒட்டாது. சில வகைகள் ஆண் குழந்தைகளையே அதிகம் தாக்கும். சில வகைகளுக்கு, அக்கா மகள், மாமன் மகள் என சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். இதில் தாயைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

6 மாதம் வரை நல்லா இருந்த குழந்தைக்கு எப்படி?

கர்ப்பத்தில் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில மாதங்கள் குழந்தையைக் காக்கும். அது தீர்ந்த பிறகுதான் ஆன்டிபாடி குறைபாடு வெளியே தெரியும். ஆனால் 'ஸ்கிட்' எனப்படும் கடுமையான வகையில் முதல் சில மாதங்களிலேயே ஆபத்து தொடங்கிவிடும்.

எப்போது சந்தேகப்படணும்?

* ஒரே வருடத்தில் 2 முறை நிமோனியா
* ஒரே வருடத்தில் 4 முறை அல்லது அதற்கு மேல் காதில் தொற்று
* 2 மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலன் இல்லை
* எடை ஏறவில்லை
* தோலிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்ப சீழ்க்கட்டி
* வாயில் ஆறாத வெண்படலம்
* குடும்பத்தில் முன்பே குழந்தை தொற்றால் இறந்திருப்பது

இவற்றில் 2 இருந்தாலே குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்க.

என்ன டெஸ்ட்?

முதல் படி சாதாரண ரத்த அணு எண்ணிக்கைதான். பச்சிளம் குழந்தைக்கு லிம்போசைட் 3,000-க்கும் கீழே இருந்தால் ஸ்கிட் சந்தேகம் வரும். அடுத்து ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவு. தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை.

சிகிச்சை என்ன?

1952-ல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ரத்தத்தில் காமா குளோபுலினே இல்லாத 8 வயது சிறுவனைக் கண்டறிந்தார். இல்லாததை வெளியிலிருந்து ஊசி மூலம் கொடுத்தார். இன்றைய 'ஐவிஐஜி' சிகிச்சையும் அதே வழிதான். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவில் இருந்து ஆன்டிபாடியைப் பிரித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை ட்ரிப்ஸ் மாதிரி ஏற்றுவார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 4 முதல் 6 கிராம். குழந்தை வளர வளர மருந்தும் கூடும்.

ஏற்றிய ஆன்டிபாடி சுமார் 3 வாரத்தில் பாதியாகிவிடும். அதனால், 'இப்ப நல்லா இருக்கானே' என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டாலும் பாதுகாப்பு குறையும். பொதுவாக இது வாழ்நாள் சிகிச்சை.

ஸ்கிட்டுக்கு இது மட்டும் போதாது. ஸ்டெம்செல் மாற்று வேண்டும். வட அமெரிக்காவில் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் 5 ஆண்டுகளைக் கடந்து உயிருடன் இருந்தனர். நாள் கடத்தினால் நஷ்டம் உயிர்தான்.

தடுப்பூசி போடலாமா?

பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா, தட்டம்மை தடுப்பூசிகளில் வலு குறைத்த உயிருள்ள கிருமி இருக்கும். குறைபாடு உறுதியான அல்லது சந்தேகமுள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் இவற்றைப் போடக் கூடாது. மற்ற குழந்தைகளுக்குத் தடுப்பூசியை நிறுத்தவே வேண்டாம். சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வது இந்தக் குழந்தைக்கும் கவசம்.

செலவுக்கு என்ன வழி?

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஸ்கிட்டுக்கான ஸ்டெம்செல் மாற்றும், ஐவிஐஜி சிகிச்சையும் இடம்பெற்றுள்ளன. அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையத்தில் சிகிச்சை பெற்றால் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தமிழ்நாட்டில் அந்த மையம், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள், குடும்பத்துக்கான சிகிச்சை வசதி பற்றி இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் கேட்கலாம்.

இன்றே செய்ய வேண்டியது

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. எந்தத் தேதியில் காய்ச்சல், என்ன மருந்து, எத்தனை நாள் அட்மிட், எடை எவ்வளவு என்று எழுதுங்க. சீட்டு, எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒரே பையில் வைங்க. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சளிதான். ஒரே நோட்டில் வரிசையாகப் பார்த்தால்தான் டாக்டருக்கு இந்த நோய் கண்ணில் படும்.