நார்போன்: நூறு ஃபிராங்க் கதை

வைன் ஊர்களைச் சுற்ற பிரான்ஸ் போகிறோம் என்றால் எல்லோரும் சொல்வது போர்தோ, விட்டால் பர்கண்டி. என் திட்டத்தில் முதல் ஊர் நார்போன். காரணம், 1907.

தெற்கே லாங்குடாக் பகுதியில் அப்போது வைன் விலை அதலபாதாளம். விளைச்சல் அதிகம், போதாக்குறைக்கு சர்க்கரையும் தண்ணியும் கலந்த சரக்கு வேறு. மார்ச் 11 அன்று அர்ஜெலியே கிராமத்து ஆட்கள் 87 பேர் நார்போனுக்கு ஊர்வலமாகக் கிளம்பினார்கள். முன்னால் நின்றவர் மார்செலின் அல்பேர். ஜூன் 9-ல் மோன்பெலியேவில் கூடியதோ லட்சக்கணக்கில்! அரசு பட்டாளத்தை அனுப்பியது. நார்போனில் துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. கேள்விப்பட்டதும் 17-வது காலாட்படையில் கலகம். பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பையன்கள்தானே. துப்பாக்கியோடு பெஸியேவுக்கு நடந்தே போய்விட்டார்கள்.

அல்பேர் பாரிஸுக்குப் போய் பிரதமர் கிளெமான்சோவைப் பார்த்தார். திரும்பிப்போக ரயில் செலவுக்கென்று கிளெமான்சோ 100 ஃபிராங்க் கொடுத்தார். பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார், அங்கேதான் அவர் கெட்டிக்காரத்தனம். அவ்வளவுதான், ஊரில் அல்பேர் துரோகியாகிவிட்டார். வாங்காமல் நடந்தே வந்திருக்கலாமோ என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஜூன் 29-ல் சட்டம் வந்தது. சர்க்கரைக்குக் கூடுதல் வரி. ஒவ்வொரு விவசாயியும் தன் விளைச்சல் கணக்கை எழுதிக்கொடுக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போனால் கிராமத்துக் கூட்டுறவு ஆலையிலேயே வைன் வாங்குங்கள். நாம் கொண்டுபோகிற கேனில், பெட்ரோல் பங்கு மாதிரி குழாயில் பிடித்துத் தருகிற இடங்கள்கூட உண்டு. போர்தோவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன், மனைவிக்காக.