மூன்று குழாய்கள், நான்கு துணிகள்

தூரின் போர்வை – 6

கர்தினால் பலெஸ்த்ரேரோவும் பிரிட்டிஷ் மியூசியத்தின் மைக்கேல் டைட்டும் பக்கத்து அறைக்குள் போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். நாள், 1988 ஏப்ரல் 21. போர்வையிலிருந்து பட்டை வெட்டியதை கேமரா பதிவு செய்தது. அந்த அறைக்குள் நடந்ததைப் பதிவு செய்யவில்லை.

வெளியே வந்தவை எஃகுக் குழாய்கள். ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா என மூன்று ஆய்வகங்களுக்கும் தலா மூன்று. ஒன்றில், இயேசுவைச் சுற்றி அடக்கம் செய்தது என்று பலர் நம்பும் போர்வையின் துணி, சுமார் 50 மில்லிகிராம். மற்ற இரண்டில் வயது தெரிந்த துணிகள்: நூபியக் கல்லறைத் துணி ஒன்று, எகிப்தின் தீப்ஸ் மம்மியைச் சுற்றியிருந்தது ஒன்று. நான்காவதாக, பிரான்சிலுள்ள புனித லூயியின் மேலங்கியிலிருந்து உருவிய நூல்கள் தனியாக.

போர்வைக்கு வயது பார்க்கப் போன இடத்தில் மம்மித் துணிக்கு என்ன வேலை? ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டாயிற்று. 1983-ல் பிரிட்டிஷ் மியூசியம் ஆறு ஆய்வகங்களுக்குப் பழந்துணிகளைக் கொடுத்துப் பரீட்சை வைத்தது. அதில் சூரிக் ஒரு துணியின் வயதில் சுமார் ஆயிரம் ஆண்டு பிசகியது. இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. அளப்பதற்கு முன் துணியைச் சுத்தம் செய்த கட்டத்தில் வந்த வினை. கை எண்ணெய், மெழுகுவர்த்திப் புகை, பூஞ்சை எல்லாவற்றிலும் கார்பன் உண்டு. அது புதிய கார்பனாக இருந்தால், சரியாகக் கழுவாத துணி வயதில் இளைத்துவிடும். இந்தத் தொழிலில் பாதி, வண்ணான் வேலைதான்.

வேடிக்கை என்னவென்றால், போர்வையை அளக்க முதலில் திட்டமிட்ட ஏழு ஆய்வகங்களை 1987-ல் மூன்றாகக் குறைத்தபோது சூரிக் உள்ளே இருந்தது. கார்பனை அளக்கும் முடுக்கி முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாரி கோவின் ராச்செஸ்டர் ஆய்வகம் வெளியே போனது. தன் தவறு எங்கே என்று கண்டுபிடித்த ஆய்வகத்தை நம்பலாம் என்பது எனக்கும் சம்மதம். ஆனால் ஏழு பேர் அளந்திருந்தால் இன்று இத்தனை வழக்கு இருக்காது.

குழாய்களில் 1, 2, 3 என்று எண் மட்டும்தான். எது போர்வை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை! போர்வை மீன்முள் போன்ற நெசவு. அதே நெசவில் வேறு பழந்துணி கிடைக்கவில்லை. குழாயைத் திறந்த மறுகணமே தெரிந்துவிடும். முக்காடு போட்டுக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கதை. மிஞ்சியது ஒரே கட்டுப்பாடு: முடிவுகளை லண்டனுக்கு அனுப்பும்வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது.

அரிசோனா முந்திக்கொண்டது, மே 6. விருந்தாளியாக அங்கே நின்று பார்த்தவர், கழற்றிவிடப்பட்ட அதே கோவ்! பிறகு சூரிக். கடைசியில் ஆக்ஸ்போர்டு.

டைட்டின் மேசைக்கு எண்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் 1950-லிருந்து பின்னோக்கி எண்ணும் கார்பன் ஆண்டுகள். நூபியத் துணி: அரிசோனா 927, ஆக்ஸ்போர்டு 940, சூரிக் 941. மூன்று ஊர், மூன்று இயந்திரம், இடைவெளி வெறும் 14 ஆண்டு. மம்மித் துணி: 1995, 1980, 1940. மேலங்கி நூல்: 722, 755, 685. இவற்றில் இடைவெளி கூடுதல்தான். ஆனாலும் அவரவர் சொன்ன பிழை எல்லைக்குள் சமாதானமாகிவிடும்.

அடுத்தது போர்வை. அரிசோனா 646, சூரிக் 676, ஆக்ஸ்போர்டு 750.

முதல் நூற்றாண்டுத் துணியென்றால் மம்மித் துணியை ஒட்டி இரண்டாயிரம் பக்கம் வந்திருக்க வேண்டும். மூவரில் யாரும் அந்தத் திசையில்கூட இல்லை. துணி இடைக்காலத்தது என்பதில் அவர்களுக்குள் சண்டையில்லை. ஆனால் 104 ஆண்டு இடைவெளி? அவர்கள் சொன்ன பிழை எல்லை 24 முதல் 31 ஆண்டுதான். மூன்று முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையில் வரும் எண் 5.99-ஐத் தாண்டக் கூடாது. நூபியத் துணிக்கு 0.1. போர்வைக்கு 6.4.

நூபியத் துணியில் ஒரே குரலில் பேசிய அதே கைகள், ஏழு சென்டிமீட்டர்ப் பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய துண்டுகளில் ஏன் பிரிந்தன?

டைட் வெட்டுப் பதிவைப் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரு விஷயம் உறுத்தியிருக்கும். அரிசோனாவுக்குப் போனது ஒரு துண்டு அல்ல. இரண்டு.

(தொடரும்)